மூக்குத்திப் பக்கம்: ஊரடங்கில் நடந்த ஒரு வீடியோ பல் பரிசோதனை

2020 ஏப்ரல் இரண்டாம் வாரம். நாமக்கல்லில் என் கிளினிக்கின் ஷட்டரை இறக்கிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பல் வைத்தியம் பார்ப்பதை அதுவரை நான் கேலியாகத்தான் பேசியிருக்கிறேன். சொத்தையைச் சுரண்டாமல், பல்லைத் தட்டாமல், ஈறில் கருவி வைக்காமல் என்னத்தைப் பார்ப்பது? ஆனால் பல்லைத் துளைக்கும் ஏரோட்டர் கருவியை ஓட்டினால் எச்சில் பனித்தூவலாகக் கிளம்பி அறை முழுக்க நிற்கும். கொரோனா பரவ அதைவிட வசதியான வழி வேண்டியதில்லை என்று நாடெங்கும் பல் கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. பல்வலி மட்டும் வழக்கம்போல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

அந்த நாட்களில் வாட்ஸ்அப் வீடியோவில் நான் பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் விஷயத்தில் வீடியோ எனக்கு ஒன்றைச் சரியாகக் காட்டியது, இன்னொன்றைத் தப்பாகக் காட்டியது. இரண்டும் ஒரே பதினோரு நிமிடத்துக்குள் நடந்தன. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் அழைப்பு

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. பேசியது பேரன். பிளஸ் டூ தேர்வு எழுதிய கையோடு வீட்டில் அடைந்து கிடந்தவன். குடும்பம் ராசிபுரம் பக்கம். மிளகுத் தோட்டத்துக்குக் கணக்குப் பார்க்கக் கொல்லிமலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

"அம்மாயிக்கு நாலு நாளா பல்லு வலிங்க டாக்டர். இன்னைக்கு வலி பரவாயில்லைங்க. கன்னந்தான் வீங்கிக்கிச்சு."

மூச்சு விட முடிகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டேன். மூச்சு சரியாக இருக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது என்றான். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன், பாராசிட்டமால் 650 ஒன்று போடச் சொன்னேன். காலையில் வெளிச்சம் வந்ததும் வீடியோவில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

என் முதல் பிழை இங்கேயே நடந்துவிட்டது. "வலி பரவாயில்லை" என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது. பல்லின் வேர்நுனியில் கட்டும் சீழ் எலும்புக்குள் அடைபட்டிருக்கும்வரை விண் விண் என்று தெறிக்கும். எலும்புச் சுவரைத் துளைத்து வெளியே வந்தவுடன் அழுத்தம் குறையும், வலியும் குறையும், வீக்கம் கூடும். வலி இறங்கி வீக்கம் ஏறுகிறது என்றால் சீழ் எலும்பைவிட்டுச் சதைக்கு வந்துவிட்டது என்று கணக்கு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவான். நேரில் வந்திருந்தால் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கும் உறைத்திருக்கும். குரல் மட்டும் வந்ததால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போனேன்.

காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டது: வயது 58. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. கீழே இறங்கி வாங்கப் போகவில்லை. மெடிக்கலில் யாரோ வாங்கிக் கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்சூல் நான்கை இரண்டு நாளில் போட்டுவிட்டு, வலி விட்டதும் நிறுத்திவிட்டார். கிராம்பைக் கடித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார் என்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையும் பிடித்திருக்கிறார். பூச்சி விழுந்துவிடும் என்று நம் ஊர்ப்பக்கம் இன்றும் செய்வதுதான். போதாக்குறைக்கு உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கன்னத்துக்கு மூன்று வேளை ஒத்தடம். இந்தக் கடைசிக் காரியம்தான் எனக்குப் பிடிக்காதது. வெளியே சூடு வைத்தால் இதமாக இருக்கும், வாஸ்தவம். உள்ளே இருக்கும் சீழ் தோல் பக்கமாகவும் தாடைக்கு அடிப்பக்கமாகவும் வழி தேடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திண்ணையில் நடந்த பரிசோதனை

காலை ஏழே காலுக்குக் கூப்பிட்டேன். முதல் இரண்டு நிமிடம் கறுப்புத் திரைதான். சமையலறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தான். வாசலில் கிழக்குப் பார்த்த திண்ணைக்குக் கூட்டி வரச் சொன்னேன். முன்பக்கக் கேமராவை விட்டுப் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றச் சொன்னேன். வீடியோ அழைப்பு ஓடும்போது அந்தப் போனில் டார்ச் எரியவில்லை. அவன் அப்பாவின் பட்டன் போனில் டார்ச் இருந்தது. அதை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டான். கன்னத்தை இழுத்துப் பிடிக்க எவர்சில்வர் டீ ஸ்பூனின் காம்பு. அதை வெந்நீரில் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தேன்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"வலது பக்கமுங்க" என்றான். பாட்டி இடது கையை உயர்த்தினார். அவருக்கு எதிரே நிற்கிறவனின் வலது, அவருக்கு இடது. என் திரையில் எது எந்தப் பக்கமோ எனக்கே குழப்பம். நேரில் பார்க்கும்போது இந்தக் கேள்வியே எழாது, விரலை வைத்துவிடுவோம். பல் மருத்துவத்தில் பக்கம் மாறினால் சின்னத் தப்பு இல்லை. நல்ல பல்லைப் பிடுங்கிய வழக்குகளெல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

அப்போதுதான் மூக்குத்தி கண்ணில் பட்டது. ஒற்றைக்கல் வெள்ளை மூக்குத்தி, அவருடைய வலது மூக்கில்.

"மூக்குத்திப் பக்கமா, அந்தப் பக்கமாங்கம்மா?"

"மூக்குத்திப் பக்கந்தான் சாமி." வீக்கமும் அந்தப் பக்கம்தான். அதற்கப்புறம் பக்கம் கேட்கும்போதெல்லாம் அந்த மாதிரி ஏதாவது ஓர் அடையாளத்தைத்தான் கேட்கிறேன்: கடிகாரம், தோடு, மச்சம்.

முகத்தை நேராகப் பார்த்தேன். அப்புறம் அண்ணாந்து மோட்டைப் பார்க்கச் சொன்னேன், தாடைக்கு அடிப்பக்கம் தெரிவதற்காக. இடது பக்கம் தாடை எலும்பின் விளிம்பு கோடு போட்டாற்போலத் தெரிந்தது. வலது பக்கம் அந்தக் கோடே இல்லை. கன்னமும் கழுத்தும் ஒரே மேடாகச் சேர்ந்திருந்தன. வீக்கத்தின் முன்முனை மோவாய்க்கு அடியில் நடுக்கோடு வரை வந்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதைப் பார்த்தபோதுதான்.

தொட்டுப் பார்க்க என் கை அங்கே இல்லை, பேரனின் கை இருந்தது. "தம்பி, முதல்ல உன் உதட்டை அமுக்கிப் பாரு. அப்புறம் மூக்கு நுனி. அப்புறம் நெத்தி. இப்ப அம்மாயி வீக்கத்தை மெதுவா அமுக்கு. மூணுல எது மாதிரி இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நெத்தி மாதிரிங்க டாக்டர். கல்லாட்டம் இருக்கு" என்றான். புறங்கையை இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். மூக்குத்திப் பக்கம் சூடு கூடுதல்.

வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்பதை அவர் விரலாலேயே அளந்தோம். மூன்று விரலை நிறுத்தி உள்ளே விட முடிந்தால் சரி. அவருக்கு ஒன்றரை விரல்தான் போனது. நாக்கை நீட்டச் சொன்னேன். கீழுதட்டைத் தாண்டி வந்தது. நாக்கைத் தூக்கச் சொன்னேன். அடிப்பக்கம் வலது ஓரம் உப்பியிருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை மூடி, இரண்டு தடவையாக விழுங்கினார். கடைசியாக, ஒரே மூச்சில் ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொன்னேன். பதினொன்றில் நின்றுவிட்டார். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல்.

இதெல்லாம் ஏழு நிமிடம். முடிவும் அப்போதே எடுத்தாகிவிட்டது: இது மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற சங்கதி இல்லை, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மீதி நான்கு நிமிடம் பல்லைப் பார்த்தேன். அந்த நான்கு நிமிடத்தில்தான் தடுக்கி விழுந்தேன்.

நான் குற்றவாளியாக நிறுத்திய பல்

ஸ்பூன் காம்பால் கன்னத்தை விலக்கியதும் கீழ் வலது முதல் கடைவாய்ப் பல்லில், எங்கள் கணக்கில் 46, ஒரு பெரிய கறுப்புக் குழி. பட்டாணி ஒன்று உட்காரும் அளவு. ரொம்ப வருடமாக இருக்கிற குழி என்று அவரே சொன்னார். காம்பால் அந்தப் பல்லை லேசாகத் தட்டச் சொன்னேன், முகத்தைச் சுளித்தார். சரி, ஆள் கிடைத்துவிட்டான் என்று குறிப்பேட்டில் எழுதினேன்: "46, செத்த பல், வேர்நுனிச் சீழ், வலது கீழ்த்தாடை இடுக்கில் பரவல், நடுக்கோட்டை எட்டுகிறது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, வாய் திறப்பு ஒன்றரை விரல், அவசரம்."

அந்த வரியில் முதல் பாதி தப்பு, மீதி எல்லாம் சரி.

அவர்களை அனுப்பி வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா அது வந்துருமாமே" என்றார் மகள். மாத்திரை எழுதிக் கொடுங்கள், மலையில் யாரையாவது பிடித்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். நான் மறுத்தேன். கொரோனா வருமோ வராதோ, இது வந்துவிட்டது. நாளைக்குள் நாக்கைப் பின்னால் தள்ளி மூச்சுக்குழாயை அடைக்கலாம் என்று சொன்னேன். இப்படிப் பச்சையாகப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. வீடியோவில் பேசும்போது பாதி வார்த்தை காற்றில் போய்விடுகிறது, பட்டென்று சொன்னால்தான் போய்ச் சேருகிறது. 108-க்கு அவர்களே கூப்பிட்டார்கள். கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. வழியில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம், உட்கார்ந்தபடி, முன்னால் சாய்ந்து வரட்டும் என்று ஆம்புலன்ஸ் ஊழியரிடமே போனில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த முக அறுவை மருத்துவருக்கு நான் எடுத்து வைத்திருந்த திரைப் படங்கள் மூன்றை அனுப்பினேன்.

மதியம் பன்னிரண்டரைக்குச் சேர்த்தார்கள். ரத்தச் சர்க்கரை 386. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், இன்சுலின், அன்று மாலையே தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்துக் குழாய் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பரவி நாக்கடியைத் தூக்கியிருந்தால் அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த நோய். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோனது. இவர் அதன் வாசற்படியில் நின்றார், உள்ளே போகவில்லை.

சாயங்காலம் அந்த மருத்துவர் கூப்பிட்டார். "சரியான நேரத்துல அனுப்பிட்டீங்க. ஆனா நீங்க சொன்ன பல்லு இல்ல. 47." எக்ஸ்ரேயை அனுப்பினார். இரண்டாம் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், ஈறுக்கு அடியில் சொத்தை. சாய்ந்து முளைத்துப் பாதியில் நின்ற ஞானப்பல் அதன் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் வருடக்கணக்கில் சோறு சிக்கிச் சிக்கி உள்ளேயே அரித்திருக்கிறது. 46-இன் வேர்நுனியில் ஒன்றுமே இல்லை, சுத்தம்.

எங்கே சறுக்கினேன்

கேமராவின் தரத்தைக் குறை சொல்லித் தப்பித்துவிடலாம். சொல்லவும் விஷயம் இருக்கிறது. வீடியோ அழைப்பு போகும்போது படம் சுருக்கப்பட்டே போகும். மலையில் சிக்னல் குறைந்தால் இன்னும் மங்கும். டார்ச் வெளிச்சத்தில் பல் வெள்ளையாக வெந்துபோய்த் தெரியும், ஈறு உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும். வெற்றிலை போடுகிறவர் வாயில் காவி எது, சொத்தை எது என்று திரையில் பிரிக்க முடியாது. 46-இல் நான் பார்த்த கறுப்பில் பாதி வெற்றிலைக் காவிதான் என்று பின்னால் தெரிந்தது.

ஆனால் இங்கே காரணம் அதுவல்ல. உலகத்திலேயே சிறந்த கேமராவைக் கொடுத்திருந்தாலும் 47-இன் பின்பக்கத்தை அது காட்டியிருக்காது, ஏனென்றால் அது ஈறுக்கு அடியில் இருந்தது. கேமரா எதைத் தெளிவாகக் காட்டியதோ அதைக் காரணமாக எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் நாற்காலியில் படுத்திருந்தால் அந்தக் குழியைப் பார்த்துவிட்டும் பக்கத்துப் பல்லைத் தட்டியிருப்பேன், உயிருள்ள பல்லா என்று தெரிய ஐஸ் வைத்திருப்பேன் (உயிர் இருந்தால் கூசும்), எக்ஸ்ரே படம் எடுத்திருப்பேன். திரை முழுக்க அந்தக் குழி ஒன்றே தெரிந்தபோது மற்ற பல்லெல்லாம் மறந்துவிட்டது.

தட்டிப் பார்த்ததும் ஏமாற்றியது. தட்டலுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சந்தேகமில்லாத பல்லைத் தட்ட வேண்டும், அப்புறம் இன்னொன்று, சந்தேகப் பல் கடைசியில், எது என்று நோயாளிக்குத் தெரியாமல். வீங்கிக் கிடக்கும் தாடையில் எதைத் தட்டினாலும் கொஞ்சம் வலிக்கும், ஒப்பிட்டால்தான் அர்த்தம். நான் ஒரே ஒரு பல்லைத் தட்டச் சொல்லி, அது வலித்ததும் நிறுத்திவிட்டேன். ஒன்றரை விரல் திறந்த வாயில் ஸ்பூன் காம்பு 47 வரை போகாது என்பது உண்மைதான். போகவில்லை என்று எழுதியிருக்கலாமே? எழுதவில்லை.

இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று. எந்தக் கருவியும் இல்லாமல், வீக்கம் இருந்த இடத்தை வைத்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்த்தாடையின் உள்பக்கம் மைலோஹையாய்டு என்ற தசை சாய்வாக ஒட்டியிருக்கும். வாய்க்குத் தரை போட்டிருப்பது அதுதான். முதல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனி பெரும்பாலும் அந்த ஒட்டுக்கு மேலே முடியும். அதிலிருந்து சீழ் உள்பக்கமாக வந்தால் நாக்கடிக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் அந்த ஒட்டுக்குக் கீழே இறங்கும். சீழ் தாடைக்கு அடியில் போய்த் தேங்கும். இவருக்கு முதலில் வீங்கியது தாடைக்கு அடியில். நாக்கடியில் உப்பியது அப்புறம், லேசாக. உடற்கூற்றியல் 47, 48 என்று கத்திக்கொண்டிருந்தது. நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் எண் தப்பியதால் இவருக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. எக்ஸ்ரே உள்ள இடத்துக்குப் போனார். அடிவாரத்தில் எங்காவது ஒரு கிளினிக்குக்கு "46-ஐ எடுத்துவிடுங்கள்" என்று சீட்டு எழுதியிருந்தால் நல்ல பல் போயிருக்கும், சீழ் அங்கேயே இருந்திருக்கும். அந்த எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்

இது 2020-இல் முளைத்த விஷயம் இல்லை. 1994-இல் அமெரிக்க ராணுவம் ஜார்ஜியா மாநிலத்தில் செய்து பார்த்தது. ஃபோர்ட் கார்டன் முகாமில் ஈறு அறுவை செய்துகொண்ட 15 பேருக்கு, ஒரு வாரம் கழித்து 120 மைல் தள்ளியிருந்த ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் தையல் பிரித்தார்கள். வாய்க்குள் விடும் கேமராவால் புண்ணைப் படமெடுத்து, 9600 பாட் வேகத்தில் ஓடிய, இன்றைய கணக்கில் மிக மெதுவான மோடம் வழியாக அறுவை செய்தவருக்கு அனுப்பினார்கள். பதினான்கு பேருக்குத் திரும்பிப் போகும் பயணம் மிச்சம். ஒரு படம் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் பலித்தது. நோய் என்னவென்று முன்பே தெரியும், புண் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது, மறுமுனையில் தையல் பிரிக்கத் தெரிந்த கை இருந்தது.

கலிபோர்னியாவில் பசிபிக் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளி 2010-ஐ ஒட்டித் தொடங்கிய திட்டமும் இதே கதைதான். மழலையர் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர்கள் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு போவார்கள். படம், எக்ஸ்ரே, பல் வரைபடம் எல்லாம் எடுத்து இணையத்தில் ஏற்றுவார்கள். பல் மருத்துவர் தன் அறையில் அவகாசமாகப் பார்த்து இன்னது செய்யலாம் என்று எழுதுவார். சின்னச் சொத்தைகளைத் தற்காலிகமாக அடைக்கவும் அந்தப் பணியாளர்களுக்கு அனுமதி. 2014-இல் மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டது. கவனியுங்கள், அங்கே நேரலை வீடியோ முக்கியமே இல்லை. எடுத்து வைத்த நல்ல படமும், எக்ஸ்ரேயும், எடுக்கத் தெரிந்த கையும்தான். என் பக்கம் இருந்தது பதினேழு வயதுப் பையனின் கை. கெட்டிக்காரக் கை, ஆனால் எக்ஸ்ரே இல்லை.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 அன்று வழக்கமான பல் சிகிச்சை அனைத்தையும் நிறுத்தி, தொலைபேசியில் ஆலோசனை, வலிநிவாரணி, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். விளைவு, அந்த மாதங்களில் பல் மருத்துவர்கள் எழுதிய ஆன்டிபயாடிக் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கீறவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்றால் பேனாதான் மிஞ்சும்.

நம் நாட்டில் அதே மார்ச் 25-இல் டெலிமெடிசின் நடைமுறை வழிகாட்டுதல்கள் வந்தன. சில மருந்துகளை முதல் சந்திப்பிலேயே எழுத வேண்டுமானால் அது வீடியோவாக இருக்க வேண்டும், அடிமைப்படுத்தும் மருந்துகளை எழுதவே கூடாது, பதிவேடு வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது அது. பல்லுக்கென்று தனியாக மத்திய சுகாதார அமைச்சகத்தின் குறிப்பு வந்தது மே 19-இல். கட்டுப்பாட்டு மண்டலத்தில் கிளினிக் மூடியே இருக்கட்டும், தொலைவிலிருந்து யாருக்கு அவசரம் என்று பிரித்துச் சொல்லலாம் என்றது. பிரித்துச் சொல்வது என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. பல் எண் சொல்லு என்று கேட்கவில்லை.

அப்புறம் நான் மாற்றிக்கொண்டவை

வீடியோவில் இப்போது பல்லைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முகம், தாடை விளிம்பு, கழுத்து, வாய் திறப்பு, நாக்கு, விழுங்குவது, எண்ணுவது. இவ்வளவும் முடிந்த பிறகே உள்ளே எட்டிப் பார்ப்பது. அசைவதையும் பேசுவதையும் விழுங்குவதையும் பார்க்க வீடியோவுக்கு நிகரில்லை. அசையாத பல்லைப் பார்க்க அது உதவாது. பல்லுக்குப் புகைப்படம் கேட்கிறேன். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்கிறேன். அப்போதுதான் சுருங்காமல் வரும்.

சில புகார்களுக்கு வீடியோவே போதும். பல் எடுத்த குழி ஆறுகிறதா, கிளிப்பின் கம்பி கன்னத்தைக் குத்துகிறதா, விழுந்த குழந்தையின் முன்பல் உடைந்ததா அல்லது முழுசாகக் கழன்றதா என்று பார்த்துவிடலாம். கழன்ற நிரந்தரப் பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு உடனே ஓடி வரச் சொல்ல வீடியோகூட வேண்டாம், குரல் போதும். வாய்ப்புண் மூன்று வாரமாக ஆறவில்லை என்றால் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரையில் முடிவு சொல்வதில்லை, நேரில்தான். படியேறினால் இடது கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது என்று ஐம்பது தாண்டிய ஒருவர் சொன்னால் இதய வலியாக இருக்கலாம் என்று பல்லைப் பார்க்காமலே இ.சி.ஜி. எடுக்க அனுப்புகிறேன்.

பல்லின் பேரைக் குறிப்பேட்டில் எழுதும்போது பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். எக்ஸ்ரே வந்தால் அழிப்பேன்.

பின்தொடர்ந்தது

ஒன்பது நாளில் வீடு திரும்பினார். 47-ஐ எடுத்திருந்தார்கள், அதன் முதுகில் சாய்ந்திருந்த ஞானப்பல்லையும் சேர்த்து. பன்னிரண்டாம் நாள் வீடியோவில் பார்த்தேன். நான் சொல்வதற்கு முன்பே திண்ணையில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்திருந்தான் பையன். டார்ச் தயார், ஸ்பூன் ஒரு டம்ளர் வெந்நீரில். தாடைக்கு அடியில் இருந்த புண்ணின் படத்தை ஆவணமாக முந்தின இரவே அனுப்பியிருந்தான். தாடை விளிம்பு மறுபடியும் கோடாகத் தெரிந்தது. வாய் மூன்று விரல் திறந்தது. இருபது வரை ஒரே மூச்சில் எண்ணிவிட்டு, இன்னும் எண்ணட்டுமா என்றார். அன்றைக்கு 1994-இன் ராணுவக்காரர்கள் செய்த அதே வேலையைத்தான் நானும் செய்தேன், அவர்களைவிட நல்ல இணைப்போடு.

46 பற்றிச் சொன்னேன். அந்தக் குழியையும் ஒருநாள் வந்து காட்டுங்கள் என்றேன்.

"வலிக்காத பல்ல எதுக்கு சாமி நோண்டறது?"

பஸ் ஓடத் தொடங்கி, தீபாவளிக்கு முந்தின வாரம் மகளோடு கிளினிக்குக்கு வந்தார். முகக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் மூக்குத்தியைத்தான் பார்த்தேன். குழியைச் சுரண்டினேன். அடி கெட்டியாக, கண்ணாடிபோல் இருந்தது. எப்போதோ தானாக நின்றுபோன பழைய சொத்தை, மேலே காவி படிந்தது. முதலில் இடது பக்கப் பல், அப்புறம் முன்பல், அப்புறம் 46 என்று ஒழுங்காகத் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் என்றார். ஒரு துண்டு ஐஸை அந்தப் பல்லில் வைத்தேன். ஏப்ரலில் நான் செத்த பல் என்று எழுதியிருந்தது. இரண்டாவது நொடியில் கையைத் தூக்கினார்.

"கூசுது சாமி, எடுத்துருங்க."

ஐஸை எடுத்துவிட்டு, பல்லை அடைத்து அனுப்பினேன்.